கழித்தல் கணக்கு

மே 6ஆம் தேதி மஸ்டர் ரோல் மூடப்படுகிறது. ஏரிக்கரையில் ஆறு நாள் மண் சுமந்ததற்குக் கூலி 1,500 ரூபாய். மே 14ஆம் தேதி வட்டார அலுவலகத்தில் இரண்டாவது அதிகாரி கம்ப்யூட்டரில் ஒப்புதல் தருகிறார். ஜூன் 25ஆம் தேதி பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கூலி வந்து சேர்வதில் எத்தனை நாள் தாமதம்?

மண் சுமந்த பெண்ணைக் கேட்டால், விரல் விட்டு எண்ணி ஐம்பது நாள் ஆயிற்று என்பாள். சட்டம் படித்தவரைக் கேட்டால், பதினைந்து நாள் அவகாசம் போக முப்பத்தைந்து நாள் தாமதம் என்பார். கம்ப்யூட்டரைக் கேட்டால்? தாமதமே இல்லை. பூஜ்யம்.

மூவருக்கும் முன்னால் இருப்பது ஒரே வரிசைதான். தேதிகளும் அவைதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித்தருவதில்லை. இந்தத் தேதிகள் உதாரணத்துக்குச் சொல்லப்பட்டவை. அந்தப் பூஜ்யம் உதாரணம் அல்ல. பல ஆண்டுகளாக, நாடு முழுவதும், லட்சக்கணக்கான வரிசைகளில் அது எழுதப்பட்டது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், தமிழ்நாட்டுக் கிராமங்களின் பேச்சில் நூறு நாள் வேலை. 2005ல் இயற்றப்பட்ட சட்டம் கூலியைப் பற்றிக் கறாராகப் பேசியது. வாரந்தோறும் தரவேண்டும், எப்படியானாலும் வேலை செய்த தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. தவறினால் நஷ்டஈடு. எவ்வளவு என்பதைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொன்னது: தரப்படாத கூலியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 1,500 ரூபாய்க்கு இது ஒரு நாளுக்கு 75 காசு. முப்பத்தைந்து நாளுக்கு 26 ரூபாய் 25 காசு. இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். அரசாங்கம் தன் மீது தானே விதித்துக்கொண்ட அபராதம் இது. தாமதம் என்று ஒன்று நடந்தது என்பதை ஏட்டில் ஒப்புக்கொள்ள வைப்பதற்கு வேறு கருவி கிடையாது. காசு சின்னது, ஒப்புதல் பெரிது.

கூலி எப்படி நகர்ந்தது என்று பார்த்தால்தான் பூஜ்யம் எங்கே முளைத்தது என்பது புரியும். வேலை நடக்கும் இடத்தில் மஸ்டர் ரோலில் வருகை பதிவானது. வாரம் முடிந்ததும் அது மூடப்பட்டது. எவ்வளவு மண் வெட்டப்பட்டது என்று அளந்தார்கள். அளவையும் வருகையையும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கூலிப் பட்டியல் தயாரானது. அதிலிருந்து பணப் பரிமாற்ற உத்தரவு, அலுவலக பாஷையில் எஃப்.டி.ஓ. ஓர் அதிகாரி ஒப்புதல் தர, அடுத்த அதிகாரி மறு ஒப்புதல் தந்தார். இது முதல் கட்டம். மாநில அரசின் ஊழியர்கள் செய்த வேலை. இதற்கு எட்டு நாள் கெடு.

பிறகு இரண்டாம் கட்டம். உத்தரவு டெல்லி நோக்கிப் பயணித்தது. கூலிக்கான பணம் மத்திய அரசினுடையது. அதன் கருவூலக் கணினி அமைப்பு வழியாக, வங்கி வழியாக, பணப் பரிமாற்ற நிறுவனத்தின் வழியாகத் தொழிலாளியின் கணக்குக்கு வரவேண்டும். இதற்கு ஏழு நாள் கெடு. எட்டும் ஏழும் பதினைந்து. தாளில் பார்த்தால் அழகான கணக்கு.

மேலே சொன்ன உதாரணத்தில் வட்டார அலுவலகம் தன் வேலையைச் சரியாக எட்டு நாளில் முடித்துவிட்டது. அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. மீதி நாற்பத்திரண்டு நாளும் டெல்லிப் பாதையில் கரைந்தன. நஷ்டஈட்டைக் கணக்கிட எழுதப்பட்ட சாஃப்ட்வேரோ, மஸ்டர் ரோல் மூடிய தேதியை இரண்டாவது ஒப்புதல் தேதியிலிருந்து கழித்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. எட்டு, பதினைந்தை விடக் குறைவு. ஆகவே தாமதம் இல்லை. பணம் போய்ச் சேர்ந்த தேதியும் பதிவில் இருந்தது. அதை யாரும் கழித்தலுக்கு அழைக்கவில்லை.

வேறொன்றும் கவனத்துக்குரியது. சட்டத்தின் பிரிவு, வேலை செய்த தேதியிலிருந்து எண்ணச் சொன்னது. அட்டவணையோ மஸ்டர் ரோல் மூடிய நாளிலிருந்து எண்ணியது. ஆறு நாள் வேலையில் முதல் நாள் சுமந்த மண்ணுக்கான கடிகாரம் ஆறாம் நாள்தான் ஓடத் தொடங்கியது. ஆக, தொடக்கம் முன்னே தள்ளப்பட்டது, முடிவு பின்னே இழுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் சுருங்கினால் இடைவெளி எப்படி நீளும்?

கம்ப்யூட்டர் டேட்டாபேஸில் நேரத்தைச் சேமிப்பதும் கழிப்பதும் வெளியே தெரிகிற அளவுக்கு எளிய விஷயமல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் முதல் மாதத்திலேயே இடறி விழும் இடம் இது. தேதியைத் தேதியாகச் சேமிக்காமல் வெறும் எழுத்துகளாகச் சேமித்து வைத்திருப்பார்கள். 06-05 என்பது மே மாதம் 6ஆம் தேதியா, ஜூன் மாதம் 5ஆம் தேதியா? இந்தியரும் அமெரிக்கரும் வேறு வேறு பதில் சொல்வார்கள். இதிலேயே முப்பது நாள் வித்தியாசம்.

ஆரக்கிளில் இரண்டு தேதிகளைக் கழித்தால் விடை நாள் கணக்கில், பின்னத்தோடு வரும். ஒன்றரை என்றால் ஒன்றரை நாள். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் வித்தியாசம் காணும் கட்டளை வேறு மாதிரி. அது கழிந்த நேரத்தை அளப்பதில்லை, கடந்த எல்லைகளை எண்ணுகிறது. டிசம்பர் 31 இரவு 11.59க்கும் ஜனவரி 1 அதிகாலை 12.01க்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்று கேட்டால், கூச்சமில்லாமல் ஒன்று என்று பதில் சொல்லும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வருஷம்! மைஎஸ்க்யூஎல்லில் நாள் வித்தியாசம் காணும் கட்டளை மணி, நிமிஷத்தைக் கண்டுகொள்வதே இல்லை, தேதியை மட்டும் பார்க்கும். எல்லாமே கையேட்டில் எழுதியிருக்கிறபடிதான் நடக்கின்றன. கையேட்டைத்தான் யாரும் படிப்பதில்லை.

நேரத்தை எந்த ஊர்க் கடிகாரப்படி சேமிப்பது என்பது அடுத்த தொல்லை. பல கம்ப்யூட்டர்கள் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே 15ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி என்றால் அங்கே இன்னும் 14ஆம் தேதி இரவு எட்டரை. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு நாள் காணாமல் போகும், அல்லது கூடுதலாக முளைக்கும். நல்லவேளையாக இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் வழக்கமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. அந்த ஊர் புரோகிராமர்களின் பாடு தனிக் கதை.

முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற பழைய வழக்கும் உண்டு. இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்யும் பல தமிழ்க் குடும்பங்களில் இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். காலண்டரில் கழித்துப் பார்த்தால் பதினைந்துதான் வரும். சட்டத்தின் வழக்கம் நேர் எதிர். ஒரு தேதி 'முதல்' என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அந்தத் தேதியை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம். வேலை உறுதி அட்டவணையில் நஷ்டஈடு 'பதினாறாம் நாளுக்கு அப்பால்' என்று இருந்தது. அவகாசம் பதினைந்து நாள் என்றால் பதினாறாம் நாள் யாருடையது? அதற்குக் காசு உண்டா இல்லையா? நம் உதாரணத்தில் இந்த ஒரு நாளின் விலை முக்கால் ரூபாய். நாட்டின் மொத்தக் கூலியோடு பெருக்கினால் முக்கால் ரூபாய் என்று யாரும் அலட்சியமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இவையெல்லாம் ஒன்றிரண்டு நாள் விவகாரங்கள். விவரம் தெரிந்தவர் உட்கார்ந்தால் ஒரு மத்தியான வேளையில் சரிசெய்துவிடலாம். நாற்பத்திரண்டு நாளை விழுங்கியது நேர மண்டலமும் அல்ல, கையேடு படிக்காத இளைஞரும் அல்ல. அது ஒரு முடிவு. எந்தக் கட்டத்தை எந்தக் கட்டத்திலிருந்து கழிப்பது என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேஜையில் எடுத்த முடிவு.

ரயில் பயணிகளுக்கு இந்த வித்தை பரிச்சயமானது. நடு வழியில் ஒரு மணி நேரம் பின்தங்கும் எக்ஸ்பிரஸ் கடைசி ஸ்டேஷனுக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். கடைசி இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் அட்டவணையில் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நேரம் தவறாமை கடைசி ஸ்டேஷனில் அளக்கப்படுவதால், கூடூரில் இறங்கியவரின் ஒரு மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. கூலிக் கணக்கு இதற்குத் தலைகீழ். ரயிலில் நடுவழித் தாமதத்தை விட்டுவிட்டுக் கடைசி ஸ்டேஷனை எண்ணுகிறார்கள். கூலியில் நடுவழி ஸ்டேஷனில் எண்ணிவிட்டுக் கடைசி ஸ்டேஷனை விட்டுவிட்டார்கள்.

இதை வெளியே இருந்து கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், திட்டத்தின் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து கிடந்ததுதான். மஸ்டர் ரோல், கூலிப் பட்டியல், பரிமாற்ற உத்தரவு எல்லாவற்றையும் தேதியோடு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த விஷயத்தில் இதை உருவாக்கியவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இவ்வளவு வெளிப்படையாக இருந்த அரசுத் திட்டங்கள் இந்தியாவில் அதிகமில்லை. ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கதவு வழியே உள்ளே போனார்கள். 2016-17ஆம் ஆண்டில் பத்து மாநிலங்களில் நடந்த 90 லட்சத்துக்கும் மேற்பட்ட கூலிப் பரிமாற்றங்களை எடுத்துவைத்து, சாஃப்ட்வேர் செய்யாத கழித்தலைச் செய்தார்கள். மஸ்டர் ரோல் மூடிய நாளிலிருந்து பணம் கணக்கில் ஏறிய நாள் வரை.

பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர்ந்தவை 21 சதவீதம். அதாவது ஐந்தில் ஒன்று.

இந்த ஆய்வுக்கு அடுத்த நிதியாண்டில், 85 சதவீதத்துக்கும் மேற்பட்ட கூலி உரிய காலத்தில் தரப்பட்டதாக அரசுத் தரப்பு பெருமிதம் தெரிவித்தது. அதே ஆண்டின் முதல் ஆறு மாதங்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, உண்மையில் உரிய காலத்தில் சேர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு தரப்பு பொய் சொன்னது, இன்னொரு தரப்பு உண்மை சொன்னது என்று இதை முடித்துவிடுவது எளிது. விஷயம் அதைவிட விசித்திரமானது. உத்தரவு பதினைந்து நாளுக்குள் தயாரானது நிஜம். பணம் வராததும் நிஜம். 'தரப்பட்டது' என்ற ஒரு வினைச்சொல்தான் இரண்டு வேலைக்கும் பயன்பட்டது. கையெழுத்துப் போட்டதும் தந்தாயிற்று என்பது அலுவலகத்தின் இலக்கணம். கைக்கு வந்தால்தான் தந்ததாக அர்த்தம் என்பது வீட்டின் இலக்கணம்.

நிதி அமைச்சகத்துக்கு இது தெரியாமலும் இல்லை. 2017 ஆகஸ்டில் எழுதப்பட்ட அதன் குறிப்பு ஒன்று, தாமதத்துக்குக் கட்டமைப்பு வசதிக் குறைபாடு, நிதி கையில் இல்லாமை, நிர்வாக ஒழுங்கின்மை ஆகியவை காரணம் என்று ஒப்புக்கொண்டது. நிதி கையில் இல்லாமை என்பது முக்கியமான சொல். நிதியாண்டின் பிற்பகுதியில் ஒதுக்கீடு தீர்ந்துபோனால் உத்தரவுகள் வரிசையில் நிற்கும். அந்த நிலையில் இரண்டாம் கட்டத்தையும் கணக்கில் எடுத்தால், பணம் இல்லாததற்கும் சேர்த்து அபராதம் கட்ட நேரும். கழித்தல் ஏன் பாதியில் நின்றது என்பதற்கு இதற்கு மேல் துப்புத் துலக்கத் தேவையில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வறட்சி நிவாரணம் கோரி ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடர்ந்திருந்த பொதுநல வழக்கில் கூலிப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. நீதிபதிகள் மதன் பி. லோகுர், என்.வி. ரமணா அமர்வு 2018 மே 18ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. இரண்டாம் கட்டத் தாமதத்துக்கு மத்திய அரசு பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. பதினைந்து நாள் என்றால் பணம் கணக்கில் ஏறும் வரைக்குமான பதினைந்து நாள். அலுவலகங்களின் திறமைக்குறைவு தொழிலாளியின் கவலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். மாநிலங்களோடு கலந்து கால வரம்புள்ள செயல்திட்டம் தயாரிக்கும்படியும் உத்தரவிட்டது. ஒரு கழித்தலின் இரண்டாவது எண் எது என்பதைத் தீர்மானிக்க நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தேவைப்பட்டது.

தீர்ப்புக்கு மூன்று ஆண்டு கழித்து, 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கூலிகளை லிப்டெக் இந்தியா என்ற ஆய்வுக் குழு எடுத்துப் பார்த்தது. பத்து மாநிலங்கள், சுமார் 18 லட்சம் பரிமாற்றங்கள். ஏழு நாளில் முடியவேண்டிய இரண்டாம் கட்டம் 71 சதவீதப் பரிமாற்றங்களில் ஏழு நாளைத் தாண்டியிருந்தது. அந்த நாட்களுக்கான நஷ்டஈடு அப்போதும் கணக்கிடப்படவில்லை.

டேட்டாபேஸ்காரர்களின் அகராதியில் ஒரு சொல் உண்டு. மதிப்பு எதுவும் நிரப்பப்படாத கட்டத்தை அவர்கள் 'நல்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு நல்ல சொல்லாகக் கேட்கும். ஆனால் அது செய்யும் காரியம் வேறு. வெற்றுக் கட்டத்திலிருந்து எந்தத் தேதியைக் கழித்தாலும் விடையும் வெற்றுக் கட்டமே. பூஜ்யம் கூட அல்ல. சராசரி போடும்போது கம்ப்யூட்டர் அந்த வரிசைகளை ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும். ஆகவே சராசரித் தாமதம் இருபது நாள் என்று ஓர் அறிக்கை சொன்னால், பணம் வந்தவர்களின் சராசரி என்றுதான் அதற்குப் பொருள். இன்னும் வராதவர்கள், யாருடைய தாமதம் மிகப் பெரியதோ அவர்கள், அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. சீராகச் செய்பவர்கள் வெற்றுக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கழிப்பார்கள். இதுவரை இத்தனை நாள், இன்னும் முடியவில்லை என்று தனியாகக் காட்டுவார்கள். ஒரு வரி கூடுதல் வேலை. செய்தால் சராசரி அசிங்கமாகும்.

மேற்கு வங்கத்தில் இந்த வெற்றுக் கட்டங்கள் மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் வெறுமையாக நின்றன. முறைகேடு நடந்தது என்று கூறி, 2022 மார்ச்சில் சட்டத்தின் 27ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு அந்த மாநிலத்துக்கான நிதியை நிறுத்தியது. அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கூலியும் அதில் மாட்டிக்கொண்டது. முறைகேடு செய்தவர்கள் யாராக இருந்தாலும், கூடை சுமந்தவர்கள் வேறு. 2024ல் மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து அந்தப் பாக்கியைக் கொடுக்க முன்வந்தது. தேர்தல் ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். திட்டத்தை மீண்டும் தொடங்கும்படி 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் மேல்முறையீட்டை அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டாண்டுக்குப் பிறகு வந்த கூலிக்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் யார் தருவது என்பதை யாரும் பேசவில்லை.

வெற்றுக் கட்டத்தைவிட நுட்பமான ஒரு வழியும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, ஆதார் எண் வேறு கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தாலோ பணம் திரும்பி வந்துவிடும். பிறகு திருத்தி, புது உத்தரவு போடவேண்டும். ஒரே கூலிக்கு இப்போது இரண்டு வரிசைகள். மே 14ல் முதல் உத்தரவு, மே 30ல் நிராகரிப்பு, ஜூன் 10ல் புது உத்தரவு, ஜூன் 15ல் பணம் என்று வைத்துக்கொண்டால், கடைசி வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்தே நாள். முதல் உத்தரவிலிருந்து எண்ணினால் முப்பத்திரண்டு. மஸ்டர் ரோலிலிருந்து நாற்பது. ஒவ்வொரு வரிசையையும் அதற்கு முந்தைய வரிசையோடு கோத்துப் பார்க்கும் கட்டளைகள் எல்லா நவீன டேட்டாபேஸ்களிலும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வரிசைகளும் ஒரே பெண்ணின் ஒரே வார உழைப்பு என்று அடையாளம் காட்டும் எண் ஒன்று இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு கதைகள். ஒவ்வொரு நிராகரிப்பிலும் கடிகாரம் புதிதாய்ப் பிறக்கும்.

காலத்தை அளக்கத் தெரியாத அரசாங்கம் என்று நினைத்துவிடக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் வேலையிடங்களில் மொபைல் செயலி மூலம் வருகைப் பதிவு கட்டாயமானது. தனிநபர் பயனாளிகளின் பணிகளுக்கு மட்டும் விலக்கு. தினம் இரண்டு முறை தொழிலாளிகளைப் படம் எடுக்க வேண்டும். படத்தில் இடமும் நேரமும் முத்திரையாகப் பதியும். சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில், படம் ஏறவில்லை என்பதற்காக அன்றைய வேலையே நடக்காததாகிவிடும் என்ற புகார் பல மாநிலங்களிலிருந்து எழுந்தது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுவது என்று செயலி ஏமாற்றப்படும் விதங்களை விவரித்தது. எப்படியோ, மண் சுமப்பவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்பது நிமிஷ சுத்தமாகப் பதிவானது. அவளுடைய காசு டெல்லியிலிருந்து எத்தனை நாளில் வந்தது என்ற கழித்தலுக்கு மட்டும் அதே கம்ப்யூட்டரில் இடம் கிடைக்கவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாயிற்று. கூலியை வாரந்தோறும், தவறினால் பதினைந்து நாளுக்குள் தரவேண்டும் என்ற வாக்குறுதி அதிலும் இருக்கிறது. பெரிய மாற்றம் செலவில்: பெரும்பாலான மாநிலங்களில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. முன்பு கூலி ஒரு கருவூலத்திலிருந்து வந்தது. இனி இரண்டு கருவூலங்களின் பங்கு அதில் கலக்க வேண்டும். ஒன்று நேரத்துக்குத் தந்து மற்றது தாமதித்தால் கடிகாரம் யார் கணக்கில் ஓடும், எந்தத் தேதியில் நிற்கும் என்பது விதிகளை எழுதுபவர்களின் கையிலும், அதற்குப் பின்னால் சாஃப்ட்வேரை எழுதுபவர்களின் கையிலும் இருக்கிறது. பத்திரிகைகள் வழக்கமாக முன்னதைப் படிக்கின்றன. பின்னதை யாரும் கேட்டுப் பார்ப்பதுகூட இல்லை.

ஜூன் 25ஆம் தேதி வங்கியில் பாஸ்புக்கை நீட்டும் பெண்ணுக்கு இயந்திரம் ஒரு வரி அச்சடித்துத் தரும். தேதி, தொகை, மீதி. எந்த வாரத்து உழைப்புக்கான பணம் இது என்பது அந்த வரியில் இருக்காது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் மே மாதத்து ஆறு கட்டங்களில் அவள் போட்ட பேனாக் கோடுகள் இருக்கும். அந்தத் தாளை அவள் கிழிக்காமல் வைத்திருந்தால், அங்கே கழித்துப் பார்க்கலாம்.